களியைக் கொட்டிய பையனும் கேழ்வரகு பிஸ்கட்டும்

என் பேரனுக்கு ஆறு வயது. அவன் சாப்பிடுவது மொத்தம் நான்கே நான்கு பொருள். ஓரம் வெட்டிய வெள்ளை பிரட், தயிர்சாதம், நூடுல்ஸ், நடுவில் க்ரீம் வைத்த பிஸ்கட். அந்த பிஸ்கட்டையும் இரண்டாகப் பிரித்து க்ரீமை நக்கிவிட்டு, மீதியை சோபாவுக்கு அடியில் தள்ளிவிடுவான். தட்டில் பச்சையாக ஏதாவது தெரிந்தால் தட்டையே நகர்த்திவிடுவான்.

போன வருஷம் அடிக்கடி சோர்ந்து படுக்கிறானே என்று டாக்டரிடம் காட்டினோம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஒன்பதரை. இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார். "சாப்பாட்டையும் மாத்தணும், வெறும் மைதாவும் சர்க்கரையுமா உள்ளே போகுது" என்றார். வீட்டுக்கு வந்ததும் மருமகள் அடுக்களையில் நின்று அழுதாள். வேலைக்கும் போய்க்கொண்டு, இவன் பின்னால் கிண்ணத்தோடு ஓடுகிறவள் அவள்.

நான் என்ன செய்தேன்? ஓய்வு பெற்ற பெரியவர்கள் செய்வதைத்தான் செய்தேன். பிரசங்கம். "எங்க காலத்துல எல்லாம் களியும் கூழும்தான். வச்சதைச் சாப்பிட்டோம். இப்ப பாரு, எழுபத்தொண்ணு ஆகுது, கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறேன்." மருமகள் பதில் பேசவில்லை. "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயந்திரம் ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு இதே பெருமையை அவளிடமும் அளந்தேன். அக்கா சிரித்துவிட்டாள். "யாரு, நீயா? களியைக் கண்டா காத தூரம் ஓடுவியே, மறந்துட்டியா? தூக்குல கொடுத்து விட்டதை நாய்க்குக் கொட்டினவன்தானேடா நீ?"

மறக்கவில்லை. மறந்தமாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். மானாவாரி பூமி. கேழ்வரகு, கம்பு, சாமை, கொள்ளு இவைதான் விளையும். காலையில் கூழ், மத்தியானம் களி உருண்டை, கூடவே கீரைக் கடைசலோ கொள்ளுச் சட்னியோ. நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும், மாப்பிள்ளை வந்தால்.

1966-இல் நான் ஏழாம் வகுப்பு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம், நாலு மைல் நடை. தூக்குவாளியில் அம்மா களி வைத்துக் கொடுப்பாள். எங்கள் வகுப்பில் கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று சோறு. நான் மூடியைத் திறந்தால் கன்னங்கரேலென்று உருண்டை. ஒருநாள் அவன் ஒரு வார்த்தை சொன்னான். என்ன வார்த்தை என்று இங்கே எழுத வேண்டாம். நிறத்தைப் பார்த்து ஒரு பையன் என்ன சொல்வானோ அதுதான். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடத்துக் கிணற்றடிக்குப் போய்க் களியை நாய்க்குப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். மூன்று வாரம் நடந்தது. ஒருநாள் மத்தியானம் மயங்கி விழுந்ததும் விஷயம் வெளியே வந்தது.

அம்மா அடிக்கவில்லை. ஒரு வாரத்தில் என் தூக்கில் சோறு வந்தது. எனக்கு மட்டும். பள்ளி முடியும்வரை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை.

ஒரு பன்னிரண்டு வயசுப் பையனுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டின் நிறம் ஏன் வெட்கமாக இருந்தது? இந்தக் கேள்விதான் என்னைக் கொஞ்ச நாளாகப் பழைய புத்தகங்களைப் புரட்ட வைத்தது. படித்ததைச் சொல்கிறேன்.

எந்தத் தானியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தவிடு. ஒரு ஓரத்தில் முளைக்கிற கரு. மிச்சம் முழுக்க மாவு. நார்ச்சத்தும் வைட்டமினும் இரும்பும் பெரும்பாலும் தவிட்டிலும் கருவிலும் இருக்கின்றன. வயிற்றை நிரப்பும் மாவுச்சத்து நடுவில். உரலில் குத்தியபோதும் கல் திருகையில் அரைத்தபோதும் தவிட்டை முழுதாக நீக்க முடியாது. வெள்ளை வெளேரென்ற அரிசியும் மாவும் எல்லா நாட்டிலும் பணக்காரர் பண்டமாக இருந்தது அதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹங்கேரியிலும் அமெரிக்காவிலும் எஃகு உருளை ஆலைகள் வந்தன. தவிடு தனி, கரு தனி, மாவு தனி என்று பிரித்துக் கொட்டின. கருவில் இருக்கும் எண்ணெய் போய்விட்டதால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. மாதக்கணக்கில் வைத்து விற்கலாம். ஏழைக்கும் வெள்ளை ரொட்டி கிடைத்தது. நம் பக்கம் அதே காலத்தையொட்டி அரிசி ஆலைகள் வந்து தீட்டிய அரிசி பரவியது.

கூடவே ஒரு நோயும் பரவியது. பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் நின்றுவிடும். கிழக்கு ஆசியா முழுவதும் இதனால் செத்தவர்கள் ஏராளம். கிருமிதான் காரணம் என்று நினைத்தார்கள். 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகளுக்கும் அதேமாதிரி கால் விழுந்தது. பிறகு ஒருநாள் தானாகச் சரியாகிவிட்டது. விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத்தான் கோழிகளுக்குப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரர், பட்டாளத்துச் சோற்றைக் கோழிக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட, தீட்டாத அரிசியைப் போட ஆரம்பித்தார்கள். கோழி பிழைத்தது. ஒரு சமையற்காரரின் கறார்த்தனத்தால் உலகத்துக்கு வைட்டமின் தெரிய வந்தது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையின் அடுத்த கட்டம் நம் குன்னூரில் நடந்தது. நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கை வேலை பார்த்தவன். நீலகிரிக்குப் போகும்போதெல்லாம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தைத் தாண்டித்தான் போவேன். நாய்க்கடி ஊசி தயாரிக்கிற இடம் என்று மட்டும் தெரியும். அங்கேதான் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ டாக்டர், முதல் உலகப் போர் முடியும் காலத்தில் ஆரம்பித்து 1935 வரை, சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். ஹைதராபாத்தில் இன்று இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு வேர் அதுதான். 1958-இல் குன்னூரிலிருந்து அங்கே போனது.

மெக்கரிசன் எலிகளைப் பிரித்து வைத்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் போட்டார். சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, பழம், எப்போதாவது இறைச்சி. அந்த எலிகள்தான் கொழுகொழுவென்று வளர்ந்தன. வரிசையில் கடைசி இடம் எதற்குத் தெரியுமா? மதராஸ் சாப்பாட்டுக்கு. தீட்டிய அரிசி நிறைய, மற்றதெல்லாம் பேருக்கு.

வெள்ளைக்காரன் நம்மை மட்டம் தட்டிவிட்டான் என்று கோபப்பட வேண்டாம். தன் நாட்டுக் கூலிக்காரர் சாப்பாட்டையும் அவர் சோதித்தார். வெள்ளை பிரட், மார்கரின், சர்க்கரை போட்ட டீ, ஜாம், டின்னில் அடைத்த இறைச்சி, வேகவைத்த காய். அந்த எலிகள் குட்டையாகப் போனதோடு நிற்கவில்லை. ஒன்றையொன்று கடித்தன. இரண்டு மாதம் ஆனபோது பலசாலிகள் நோஞ்சான்களைக் கொன்று தின்னத் தொடங்கின. என் பேரனின் தட்டை நினைத்துக்கொண்டேன்.

இதில் அரிசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. மெக்கரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்த அய்க்ராய்ட் ஒரு நல்ல விஷயம் காட்டினார். பெரிபெரி ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் இருந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் அப்படி இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டது அரிசிதான். அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நெல் அவித்த நம் பாட்டிகளுக்கு வைட்டமின் தெரியாது. ஆனாலும் அவர்களால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கிறது. இந்த அய்க்ராய்ட் 1937-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியல்தான் பின்னால் வந்த எல்லாப் பட்டியல்களுக்கும் முன்னோடி.

அதே முப்பதுகளில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி ஆரம்பித்த கிராமக் கைத்தொழில் சங்கத்தில் இருந்துகொண்டு, ஆலையில் தீட்டிய அரிசி வேண்டாம், கைக்குத்தல் அரிசி சாப்பிடுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். பெண்களுக்குக் கூலியும் கிடைக்கும், உடம்புக்கும் நல்லது என்பது அவர் வாதம். ஆலை ஜெயித்தது.

கேழ்வரகின் கதை வேறு. அது இத்தனூண்டு மணி. தோல் மாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசியைப்போல அதைத் தீட்டி எடுக்கச் சுலபமாக முடியாது. அப்படியே அரைத்தாக வேண்டும். அதனால்தான் கேழ்வரகு மாவு எப்போதும் முழுத்தானிய மாவு. அதனால்தான் அது கறுப்பு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய அரிசியில் பத்துதான் வரும். என்னை வெட்கப்படுத்திய கறுப்பில்தான் சத்து இருந்தது. இன்னொரு வேடிக்கை. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே வந்தவை. நம் ஊர்ப் பாரம்பரியம் என்று நாம் மார்தட்டுவது, எப்போதோ வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளியைத்தான்.

மறுபடி 1966-க்கு வருகிறேன். மழை பொய்த்து இரண்டு வருஷம். நாடு முழுக்க உணவுப் பஞ்சம். அந்த ஒரு வருஷத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த தானியம் ஒரு கோடி டன். பெரும்பகுதி பி.எல். 480 திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமை. பள்ளிக்கூடத்து மத்தியான உணவில் கோதுமை ரவை உப்புமாவும் பால் பவுடரும் வந்தன. அதுவரை நகரத்துப் பண்டமாக இருந்த பிரட்டைப் பரப்ப மத்திய அரசே 1965-இல் மாடர்ன் பேக்கரீஸ் என்று கம்பெனி ஆரம்பித்தது. எங்கள் ஊரில் பிரட் என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு. அது வேண்டும் என்பதற்காகவே காய்ச்சல் வராதா என்று ஏங்கியிருக்கிறேன். ரேஷன் கடையில் அரிசிக்குக் கூட்டம். கள்ள மார்க்கெட்டில் யானை விலை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எப்படி ஊரைக் கிளப்பியது என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கேழ்வரகு தருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டு விழாது. அரிசிதான் மரியாதை. பசுமைப் புரட்சி வந்ததும் அந்த மரியாதை எல்லோருக்கும் கிடைத்தது. அது நல்லதுதான், பசி தீர்ந்தது. ஆனால் எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கம்பும் சாமையும் மெல்லமெல்லக் காணாமல் போயின.

சரி, அடம்பிடிக்கும் குழந்தைக்கு வருவோம். இதற்கும் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 1920-களின் கடைசியில் ஆரம்பித்து, தாய்ப்பால் மறந்த பதினைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்தார். தட்டில் பல கிண்ணங்கள். தவிடு நீக்காத கோதுமை, ஓட்ஸ், பார்லி, முட்டை, இறைச்சி, பால், காய், பழம். நர்ஸ் ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எதையும் ஊட்ட முயலக் கூடாது, முகத்தில் விருப்பு வெறுப்பு காட்டக் கூடாது. குழந்தை கை நீட்டுவதைத்தான் கொடுக்க வேண்டும். ஒன்று காலையில் ஆரஞ்சு ஜூஸும் ஈரலும் சாப்பிடும். இன்னொன்று இராத்திரி முட்டையும் வாழைப்பழமுமாக அடிக்கும். பார்த்தால் தாறுமாறு. ஆனால் மொத்தத்தில் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன.

அப்படியானால் குழந்தை கேட்பதையெல்லாம் கொடுத்துவிடலாமா? அங்கேதான் சூட்சுமம். அந்த மேசையில் சர்க்கரையும் கிடையாது, மைதாவும் கிடையாது. எதை எடுத்தாலும் நல்லது. 1939-இல் டேவிஸ் அம்மையாரே இதைச் சொல்லிவிட்டார்: வித்தை குழந்தையிடம் இல்லை, பட்டியலில் இருக்கிறது என்று. எதை மேசையில் வைப்பது என்பது பெரியவர் வேலை. எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் வேலை. நாங்கள் இரண்டையும் மாற்றிச் செய்துகொண்டிருந்தோம்.

இதைப் படித்த பிறகுதான் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அடுக்களைக்குப் போனேன். காலமான என் மனைவி அந்தக் காலத்தில் வட்ட அலுமினிய ஓவனில் கேக் செய்வாள். எனக்கு அதைத் துடைத்து வைத்த அனுபவம் மட்டும்தான். மகன் வீட்டில் இப்போது நல்ல ஓவன் இருக்கிறது.

முதல் தடவை முழுக்கக் கேழ்வரகு மாவில் பிஸ்கட் செய்தேன். கல். பேரன் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது சாணி கலர்ல இருக்கு" என்றான். சுருக்கென்றது. அறுபது வருஷத்துக்கு முன்னால் டிபன் பாக்ஸ் பையன் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

எட்டு, ஒன்பது தடவை செய்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கேழ்வரகில் மாவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் கிடையாது. கொஞ்சம் கோதுமை மாவு சேர்க்க வேண்டும். முளைகட்டி, காயவைத்து, இலேசாக வறுத்து அரைத்த மாவாக இருந்தால் பச்சை வாடை போகும். இரும்பும் சுண்ணாம்பும் உடம்பில் ஒட்டவிடாமல் தடுக்கும் பொருளும் முளைகட்டினால் குறையும். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு, அரை டம்ளர் கோதுமை மாவு, 80 கிராம் வெண்ணெய், 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, பிசையத் தேவையான பால். பிசைந்து இருபது நிமிஷம் அப்படியே விட வேண்டும். விடாவிட்டால் வாயில் நறநறவென்று இருக்கும். 160 டிகிரியில் பதினைந்து நிமிஷம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால் மொறுமொறுப்பு வரும். அது தெரியாமல் இன்னும் பத்து நிமிஷம் விட்டதால்தான் முதல் தடவை கல்.

ஆனால் அவன் சாப்பிட ஆரம்பித்தது என் கைப்பக்குவத்தால் இல்லை. ஐந்தாவது தடவையோ என்னவோ, மாவை அவனே அளந்து போட்டான். கையெல்லாம் பூசிக்கொண்டு டைனோசர் என்று ஏதோ ஒன்றைப் பிடித்தான். வெந்து வந்ததும் அந்த டைனோசரின் வாலைக் கடித்தான். யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று மருமகளுக்குக் கண்ஜாடை காட்டினேன். முழுசும் தின்றான்.

இதனால் இரத்தம் ஊறிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஹீமோகுளோபின் பதினொன்றரைக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் டாக்டரின் சிரப். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பிஸ்கட், கேழ்வரகில் செய்தாலும் பிஸ்கட்தான். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. பலன் வேறு இடத்தில் கிடைத்தது. கறுப்பு நிறத்தின் மேல் இருந்த பயம் அவனுக்குப் போயிற்று. கேழ்வரகு தோசைக்கு வந்திருக்கிறான். சப்பாத்திக்கு வந்திருக்கிறான். கீரைக்கு இன்னும் வரவில்லை. வைத்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு புதுச் சாப்பாடு பழக, பத்துப் பதினைந்து தடவையாவது கண்ணில் பட வேண்டுமாம்.

போன மாதம் ஒரு டப்பா நிறைய பிஸ்கட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அக்காவுக்கு எழுபத்துநாலு. திண்ணையில் உட்கார்ந்து டீயில் தொட்டுச் சாப்பிட்டாள். நான் இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "அப்ப அரிசிக்கு அம்மா எங்கக்கா காசு புரட்டினா?"

அக்கா ரொம்ப நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள். "எனக்குக் கொலுசு வாங்கறதுக்குன்னு ரெண்டு வெள்ளாட்டங்குட்டி வளர்த்தோமே, ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் வித்துட்டா. அப்புறம் முட்டை, மோரு எல்லாம் அதுக்கே போச்சு. படிக்கிற பையன், மயங்கி விழறான்னு அழுதா. நான் என்ன சொல்றது?"

கொலுசு அவளுக்குக் கல்யாணத்துக்குத்தான் கிடைத்தது. என்னைப் படிக்க வைக்க அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது தெரியும். என் வெட்கத்துக்கும் அவள்தான் விலை கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியாது. அம்மா கடைசிவரை எங்களோடு உட்கார்ந்து களிதான் சாப்பிட்டாள். சோற்றை என் தூக்கில் வைக்கும்போது ஒரு பருக்கை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல் டப்பாவை அக்கா பக்கம் நகர்த்தினேன். இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. வெண்ணெய், சக்கரை, கரண்டு அடுப்பு, இவ்வளவு பாடு. அன்னைக்கே அந்தக் களியைத் தின்னுருக்கலாமேடா."